"நான் என்னுடைய ஜெராக்ஸ் காப்பி மாதிரி இருக்கிறேன்"

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு. கடிதம் ஆறு பக்கம். பதிலுக்குத் தேவையானதை மட்டும் அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"எனக்கு வயது 29. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மூன்று மாதம் நான் பறந்துகொண்டிருந்தேன். ராத்திரி மூன்று மணி நேரத் தூக்கம், களைப்பே கிடையாது, கவிதை கவிதையாகக் கொட்டியது. 1,38,000 ரூபாய்க்கு 24 மாதத் தவணையில் கேமரா வாங்கினேன். பெசன்ட் நகரில் கஃபே திறக்கப்போவதாகச் சொல்லி ஒருவரிடம் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன், அது போனது போனதுதான். நெருங்கிய தோழியை வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேவலமாகத் திட்டினேன். வீட்டில் பயந்துபோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பைபோலார், அதாவது மனநிலை அளவுமீறி ஏறி இறங்குகிற நோய் என்றார்கள். அன்றிலிருந்து அதற்கு லித்தியம் மாத்திரை போடுகிறேன். எல்லோரும் 'இப்போ நல்லா இருக்கே' என்கிறார்கள். எனக்கென்னவோ நான் என்னுடைய ஜெராக்ஸ் காப்பி மாதிரி இருக்கிறேன். ஏழு கிலோ கூடிவிட்டேன், எந்நேரமும் தூக்கம், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, ஆபீஸ் ஏசியில் எனக்கு மட்டும் குளிர்கிறது. ஒரு வரி கவிதை வரவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் அம்மா சமையலறையிலிருந்து 'மாத்திரை போட்டியா?' என்கிறார். சண்டை வந்தால் அண்ணன் 'கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய் விட்டுடுவேன்' என்கிறான். பறந்தவள் நானா, இப்போது மந்தமாக உட்கார்ந்திருப்பவள் நானா? ஒரே ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடாதா? வீட்டில் வரன் வேறு பார்க்கிறார்கள், சொல்வதா வேண்டாமா? கேமரா துண்டில் சுற்றி பீரோவில் கிடக்கிறது, பார்த்தாலே கூசுகிறது. விற்றுவிடவா?"

அன்புள்ள பெரம்பூர் வாசகிக்கு,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரணம் இதுதான். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் மேனியா, அதாவது நீங்கள் பறந்த அந்த நிலை, திரும்பி வருகிற வாய்ப்பு நன்றாகவே ஏறும், கூடவே தற்கொலை ஆபத்தும் ஏறும். ஆக அந்த ஒரு மாதத்தில் நீங்கள் சந்திக்கப்போவது மாத்திரைக்கு அடியில் ஒளிந்திருக்கிற ஏதோ ஒரு அசல் பெண்ணை என்று நினைக்கிறீர்கள், ஆனால் நிறுத்தியதால் கிளம்பி வந்த நோயைச் சந்தித்துவிட்டு, அதற்கு உங்கள் பெயரை வைத்துவிடுவீர்கள். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், முதல் பத்து பதினைந்து நாள் சிலருக்கு நன்றாகவே இருக்கும். தூக்கம் குறையும், உடம்பு லேசாகும், பழைய பாட்டெல்லாம் புதிதாகக் கேட்கும். "பாருங்க டாக்டர், நான் வந்துட்டேன்" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. சரியாக அந்த இரண்டாவது வாரத்தில்தான் அவர்கள் எனக்கு ஃபோன் செய்வதையும் நிறுத்துவார்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கண்ணில் முதலில் பட்டது 'நான் யார்' என்கிற கேள்வி இல்லை. முடிதான். முடி கொட்டுகிறது, எடை ஏறுகிறது, எந்நேரமும் தூக்கம், ஊரெல்லாம் வியர்வையில் குளிக்கிற சென்னையில் உங்களுக்கு மட்டும் குளிர்கிறது. லித்தியம் சிலருக்குத் தைராய்டைக் கீழே இறக்கும், பெண்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே நடக்கும். தைராய்டு குறைந்தால் மனம் மந்தமாகும், வார்த்தை வராது, எதிலும் ஒட்டாது. கடைசியாக டி.எஸ்.எச்., அதாவது தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற அளவு, எப்போது பார்த்தீர்கள்? பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், கூடவே சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினினும். ஆறு பக்கக் கடிதத்தில் ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருவேளை பார்த்திருக்கலாம், எழுத மறந்திருக்கலாம். பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள், அதோடு லித்தியம் அளவையும் பாருங்கள். அதற்கு ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், ஒன்பது மணிக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு, காலை மாத்திரை இருந்தால் அதை ரத்தம் கொடுத்த பிறகு போடலாம். வழக்கமாக 0.6-லிருந்து 0.8 வரைக்குள் வைத்தாலே பலருக்குப் போதும். நீங்கள் அதற்கு மேலே உட்கார்ந்திருந்தால், அந்த மந்தத்தில் ஒரு பங்கு மாத்திரையின் அளவாக இருக்கலாம், உங்கள் டாக்டர் குறைத்துப் பார்ப்பார். தைராய்டுதான் என்றால் தினமும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, லித்தியத்தை விட வேண்டிய அவசியம்கூடப் பெரும்பாலும் இருக்காது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒருவரோடு நாலு மாதம், வாரம் ஒருமுறை, வெறுமை பற்றியும் இழந்துபோன பழைய தன்னைப் பற்றியும் பேசிப் பேசி நானும் உருகி அவரும் உருகி, கடைசியில் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு சின்னப் பெண் "சார், தைராய்டு பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. பார்த்தால் டி.எஸ்.எச். கன்னாபின்னாவென்று ஏறிக் கிடந்தது. அன்றிலிருந்து யார் 'நான் நானாக இல்லை' என்று சொன்னாலும் முதலில் ரத்தம், அப்புறம்தான் பேச்சு.

சரி, ரத்தமெல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது, அளவும் சரி, அப்போதும் ஜெராக்ஸ் மாதிரிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி உங்கள் கேள்வி.

ஐம்பது வயதில் சுகர் வந்தவரிடம் "நீங்கள் யார்" என்று கேட்டால் அவருக்குக் குழப்பமே இருக்காது. ஐம்பது வருடம் ஜிலேபி சாப்பிட்ட ஒரு ஆள் அவருக்குப் பின்னால் நிற்கிறார். உங்களுக்கு வந்த நோய் அப்படி வருவதில்லை. அது பலருக்குப் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது, அதாவது ஒரு மனிதர் 'நான் இப்படிப்பட்டவள்' என்று தன்னைப் பற்றிச் சொல்லிப் பழகுகிற அதே வயதில். அதுவும் பெரும்பாலும் டிப்ரஷன் வேஷத்தில் வரும், அதனால் பெயர் தெரியவே பல வருடம் ஆகும். உங்கள் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: காலேஜ் இரண்டாம் வருடத்தில் நாலு மாதம் ஹாஸ்டல் அறையை விட்டு வெளியே வரவில்லை, ஐந்து அரியர் விழுந்தது, அப்பா 'சோம்பேறிக் கழுதை' என்றார். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. பத்தொன்பது வயதில் அந்தச் சோம்பேறி பட்டத்தை வாங்கிப் பத்து வருடம் உங்கள் குணம் என்றே நினைத்து வைத்திருந்தீர்கள், அப்புறம் ஒருநாள் ஒரு டாக்டர் வந்து அது குணம் இல்லை, முதல் அத்தியாயம் என்கிறார். ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், அப்படியானால் என் வாழ்க்கையில் வேறு எதெல்லாம் நோய், எதெல்லாம் நான் என்று பழைய ஆல்பம் முழுக்கச் சந்தேகம். ஏற்காடு டூரில் ராத்திரி முழுக்க ஆடினேனே, அதுவுமா? இன்டர்வியூவில் தூள் கிளப்பினேனே, அதுவுமா?

இந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது, உட்காராதீர்கள். ஏன் முடிவு கிடையாது என்றால், மேனியா வெளியிலிருந்து சாமான் கொண்டுவந்து உங்கள் வீட்டில் இறக்குவதில்லை. வீட்டில் இருக்கிறதைத்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலற விடுகிறது. உங்களுக்குப் பேச்சு வரும், அதனால் மேனியா பேசியது. கவிதை வரும், அதனால் கொட்டியது. கணக்கில் ஆசை உள்ள ஒருவருக்கு வந்திருந்தால் ஷேர் மார்க்கெட்டை உடைக்கிற சூத்திரம் கண்டுபிடித்திருப்பார், பக்தி உள்ளவர் என்றால் சாமியே அவரிடம் பேசியிருக்கும். ஆக பறந்தவள் நீங்களா என்றால், பாட்டு உங்களுடையது, சத்தம் உங்களுடையது இல்லை. டிப்ரஷனும் அப்படித்தான், அது உங்கள் கூச்சத்தையும் மனசாட்சியையும் எடுத்துக்கொண்டு உங்களையே அடிக்கிறது.

கவிதை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஆறு பக்கத்தில் உங்களுக்கு உண்மையாகவே வலிக்கிற இடம் அதுதான் என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினேன், பத்தாவதில் நோட்டு நிறையக் கவிதை இருந்தது என்கிறீர்கள். அப்போது நோய் இல்லை. ஆகவே கவிதையை நோய் கொடுக்கவில்லை. அதே சமயம், லித்தியம் யாரிடமிருந்தும் எதையும் எடுக்காது என்று நான் புளுக மாட்டேன். டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கௌ என்று ஒரு மனநல மருத்துவர், லித்தியத்தை உலகம் ஏற்றுக்கொள்ள வைத்தவர்களில் முக்கியமானவர், 1979-ல் லித்தியம் சாப்பிடுகிற 24 கலைஞர்களிடம் விசாரித்து எழுதினார். 12 பேர் முன்பைவிட அதிகமாக வேலை செய்வதாகச் சொன்னார்கள், 6 பேருக்கு வித்தியாசம் இல்லை, 6 பேருக்குக் குறைந்துவிட்டது. வெறும் 24 பேர், பெரிய ஆய்வு கிடையாது. இருந்தாலும் நான் அதை நினைவில் வைத்திருப்பது அந்தக் கடைசி ஆறு பேருக்காக. உங்களுக்குக் குறைந்திருந்தால் அது உங்கள் கற்பனை இல்லை, டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய புகார். 'நல்லா இருக்கேன் டாக்டர்' என்று சொல்லிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறீர்கள் பாருங்கள், அதை முதலில் விடுங்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் ஃபோனில் முந்நூறு சொச்சம் கவிதை எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு, பத்தை மட்டும் எடுத்துப் படியுங்கள். எத்தனை தேறுகிறது? என்னிடம் வந்த ஒருவர், அடையாளத்தை மாற்றித்தான் சொல்கிறேன், இதே மாதிரி ஒரு டயரியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை எழுதினவன் செத்துட்டான் சார்" என்று அழுதார். சேர்ந்து படித்தோம். அரை மணி நேரத்தில் அவரே சிரிக்க ஆரம்பித்துவிட்டார், பக்கத்துக்குப் பக்கம் நிலாவும் ரத்தமும். ஆனால் நடுவில் இரண்டு பக்கம், மின்சார ரயிலில் கடலை விற்கிற பையன் பற்றி, அசலாக இருந்தது. அந்த இரண்டு பக்கத்தை எழுதியவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். எது தேறும் எது தேறாது என்று இப்போது பிரித்துச் சொன்னதும் அவர்தானே?

அந்த மூன்று மாதத்தை நினைத்து ஏங்குவதாகச் சொல்ல வெட்கப்படுகிறீர்கள். வெட்கப்படாதீர்கள். நன்றாக இருந்தது, அதனால் ஏங்குகிறீர்கள். எங்கள் ஆட்கள் இதைக் கேட்கவே பயப்படுவார்கள், கேட்டால் நோயாளி மாத்திரையை விட்டுவிடுவாரோ என்று. என் அனுபவத்தில் சொல்லவிடாமல் அடக்கினால்தான் விடுகிறார்கள். செத்தவருக்குத் துக்கம் கொண்டாடுகிற மாதிரி இதற்கும் கொண்டாடலாம், ஆனால் துக்கம் கொண்டாடுகிறவர் சுடுகாட்டுக்குப் போய்த் தோண்ட மாட்டார்.

அப்புறம், உங்கள் நாற்காலியில் அந்தந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் உங்கள் சரித்திரத்தை எழுதுகிறார், இதைக் கவனித்திருக்கிறீர்களா? டிப்ரஷன் வந்தால் 'நான் சிரித்ததெல்லாம் நடிப்பு, இந்த இருட்டுதான் உண்மை' என்று எழுதும். மேனியா வந்தால் 'அழுதுகொண்டிருந்தவள் ஒரு கோழை, இப்போதுதான் விடுதலை' என்று எழுதும். இரண்டும் சத்தியம் பண்ணிச் சொல்லும், இரண்டும் பழைய நினைவில் தனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுக்கும். மேலும் கீழும் இல்லாத சாதாரண நாளுக்கு இப்படி வாய் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்குப் பெரம்பூர் ஸ்டேஷனில் நின்று, டிபன் பாக்ஸில் இன்றைக்கு எலுமிச்சை சாதமா என்று யோசிக்கிற உங்களைப் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை, நீங்களே எழுதுவதில்லை. அதனால் அந்த ஆளுக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கிறது.

அதற்காக ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுச் சமையலறையில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும், அதில் அம்மா 'காஸ் வந்தது', 'பால் 1 லி. எக்ஸ்ட்ரா' என்று பேனாவால் கிறுக்கி வைத்திருப்பார். அதே மாதிரி ஒரு காலண்டர் உங்கள் அறைக்கு. தினமும் அந்தக் கட்டத்தில் மூன்றே விஷயம்: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மனம் எப்படி (சாதாரணம் பூஜ்யம், மேலே கூட்டல் ஐந்து வரை, கீழே கழித்தல் ஐந்து வரை), அப்புறம் அன்று உங்களுக்குப் பிடித்த ஒரு சமாச்சாரம், எவ்வளவு அற்பமானாலும். முதல் இரண்டும் டாக்டருக்கு. மூன்றாவது உங்களுக்கு. ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள், கூட்டல் மூன்றிலும் கழித்தல் மூன்றிலும் பூஜ்யத்திலும் திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள் சில இருக்கும். ஒருவருக்கு அது மழை நாளில் மொட்டை மாடி, இன்னொருவருக்குத் தங்கை மகள், இன்னொருவருக்குக் கிரிக்கெட் ஸ்கோர்.

உங்கள் நான்காம் பக்கத்தில் 'நான் ஒரு பைபோலார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு, அது அவர்கள் உரிமை. எனக்கு என்ன தோன்றும் என்றால், தமிழில் நமக்குக் கோபம் 'வருகிறது', தூக்கம் வருகிறது, அழுகை வருகிறது, காய்ச்சல் வருகிறது. 'நான் காய்ச்சல்' என்று யாரும் சொல்வதில்லை. எனக்குக் காய்ச்சல். வந்தது போகும், போகவில்லை என்றால் கூடவே இருக்கும், எப்படியானாலும் அது வேறு நான் வேறு. இவ்வளவு நல்ல வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஒரு நோய்க்கு மட்டும் ஏன் 'நான்' போட வேண்டும்?

இனி அம்மா. 'மாத்திரை போட்டியா' என்பது சென்னையில் எத்தனை வீட்டில் ஒலிக்கிறது என்று நீங்கள் கேட்டால் அசந்துபோவீர்கள். அம்மா பயந்திருக்கிறார், நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்த மூன்று மாதத்தின் முடிவில் ஆம்புலன்ஸ் வந்ததை அவர் வாசலில் நின்று பார்த்தார், அதனால் சிரிப்புச் சத்தம் கேட்டாலே அவருக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறது. ஆனால் அவர் பயத்துக்காக நீங்கள் சிரிப்பைக் குறைத்தால், அந்த ஜெராக்ஸில் பாதியை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி. அம்மாவோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போடுங்கள், டாக்டர் முன்னாலேயே போட்டால் இன்னும் நல்லது. எங்கள் கணக்கில் மேனியா என்று சொல்லப் பொதுவாகக் குறைந்தது ஒரு வாரம் அந்த நிலை நீடிக்க வேண்டும், அதைவிட லேசான ஹைப்போமேனியாவுக்கே நாலு நாள். ஒரு ஜோக்குக்குச் சிரித்தது எந்தக் கணக்கிலும் வராது. எதைப் பார்த்தால் அவர் கேட்கலாம் என்று உங்களுக்குப் பொருந்துகிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக, தொடர்ந்து இரண்டு ராத்திரி ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லை, ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் திடீரென்று ஏதாவது வாங்கினீர்கள், அல்லது யார் குறுக்கே பேசினாலும் கேட்காமல் பேசிக்கொண்டே போகிறீர்கள். இதில் ஒன்று நடந்தால் அம்மா கேட்கலாம், நீங்கள் கோபப்படக் கூடாது, அன்றே டாக்டருக்கு ஃபோன். இது எதுவுமே இல்லாத நாளில் அம்மா கேட்கக் கூடாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, நான் சிரிச்சா கூட சேர்ந்து சிரி. நான் தூங்கலைன்னா கேளு." முதல் மாதம் அவர் மறந்து மறந்து கேட்பார். பரவாயில்லை.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கியதன் தொடர்ச்சி, அதைவிட வயதான ஆஸ்பத்திரி இந்த ஊரில் அதிகம் கிடையாது. நான் முதுகலை படித்தது அங்கேதான். எத்தனையோ பேர் அங்கே வந்து தெளிந்து வீட்டுக்குப் போனதைப் பார்த்தவன் என்பதால், சென்னையில் அந்தப் பேட்டையின் பெயரையே வசவாக்கி வைத்திருப்பது எனக்கு முப்பது வருடமாக எரிச்சல். அதைவிட, நோயை அடையாளமாக்கி ஒருவரை வாயடைக்கிற வேலை அது. நீங்கள் நியாயமாகக் கோபப்பட்டாலும் அது நோய்க் கணக்கில் போய்விடும். உங்கள் அண்ணனுக்கும் அடுத்த தடவை டாக்டரிடம் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். எமில் கிரேபெலின் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் 1899-ல் இந்த நோயைத் தனியாகப் பிரித்துக் காட்டியபோது அவர் முக்கியமாகக் கவனித்தது, அலை அடித்து ஓய்ந்ததும் ஆள் திரும்பி வந்துவிடுகிறார் என்பதை. இந்த நோய்க்கு இலக்கணம் எழுதியபோதே அந்தத் திரும்பி வருகிற ஆளைச் சேர்த்துத்தான் எழுதினார்கள், அதை அண்ணனிடம் டாக்டரே சொல்லட்டும்.

தோழியைத் திட்டியது. "அது நான் இல்லை, நோய்" என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை, "நான்தான்" என்று சொல்லவும் உயிர் போகிறது என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ராத்திரி தூக்கத்தில் புரண்டு பக்கத்தில் படுத்திருந்த குழந்தையை இடித்துவிட்டால் வேண்டுமென்றா இடித்தோம்? இல்லை. அதற்காகத் தடவிக் கொடுக்காமல் திரும்பிப் படுத்துக்கொள்வோமா? அந்தத் தோழிக்கு நாலு வரி எழுதுங்கள், நீளமாக வேண்டாம், மருத்துவ விளக்கம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். திட்டு குரூப்பில் விழுந்ததால் மன்னிப்பையும் குரூப்பில் போட்டால் நல்லது. அவர் பதில் போடாமலும் போகலாம். இரண்டு லட்சத்தை மறந்துவிடுங்கள், அல்லது அண்ணனை அந்த வீட்டுக்காரரிடம் ஒருமுறை நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கும்.

ஐந்தாம் பக்கத்தில் 'சில நாள் எழுந்திருக்காமலேயே போனால் தேவலை என்று இருக்கிறது' என்று ஒரு வரி. அதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அந்த நினைப்பு வருகிற நாளில் தனியாக உட்கார்ந்து நான் யார் என்று ஆராயாதீர்கள், அன்று உங்களுக்குச் சரியான விடை கிடைக்காது. டாக்டரைக் கூப்பிடுங்கள், கிடைக்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சென்னையிலேயே சினேகா என்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது, 044-24640050. கையில் மாத்திரை நிறைய வைத்துக்கொள்ளாதீர்கள், அம்மா வசம் இருக்கட்டும், லித்தியம் அளவு மீறினால் ஆபத்தான மருந்து.

சில்லறை விஷயங்கள் இரண்டு, ஆனால் சில்லறை இல்லை. ஐ.டி. வேலை என்பதால் சொல்கிறேன், அமெரிக்கா ஷிஃப்ட் வேண்டவே வேண்டாம். ராத்திரி முழித்துப் பகலில் தூங்குவது இந்த நோய்க்குப் பெட்ரோல். டாக்டரிடம் 'மருத்துவக் காரணங்களால் இரவுப் பணி தவிர்க்கவும்' என்று மட்டும் கடிதம் வாங்குங்கள், நோயின் பெயர் அதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டாவது, அக்னி நட்சத்திரத்தில் வியர்த்துக் கொட்டும்போது தண்ணீர் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறும், திடீரென்று உப்பைக் குறைத்தாலும் ஏறும், தலைவலிக்கும் இடுப்பு வலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிப் போடுகிற டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகையறாவாலும் ஏறும். பாராசிட்டமால் போதும். வாந்தி பேதி வந்தாலோ, கை நடுக்கம் அதிகமாகி நடை தள்ளாடினாலோ அன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

வரன் விஷயம். சொல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே ஜாதகத்தோடு சேர்த்து நீட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, இருவருக்கும் பிடித்து விஷயம் முன்னே நகர்கிறது என்று தெரிந்ததும், நிச்சயத்துக்கு முன்னால், பையனிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி சுமார் 4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது, அவர்களில் கல்யாணம் ஆனவர்கள், பிள்ளை குட்டி உள்ளவர்கள் ஏராளம். மறைத்துவிட்டுப் பின்னால் தெரிந்தால் கோர்ட் வரை போவதைப் பார்த்திருக்கிறேன், அதைவிட, ராத்திரி மாத்திரையை பாத்ரூமில் ஒளிந்து போடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே யார் நான் என்று தவிக்கிற உங்களுக்கு அந்த இரட்டை வேஷம் தாங்காது. கல்யாணம் முடிவானால் குழந்தைக்கு முன்னால் டாக்டரிடம் மருந்துத் திட்டத்தைப் பேசிவிடுங்கள். முக்கியமாக, எப்போதாவது வால்புரோயேட் என்கிற இன்னொரு மருந்துக்கு மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால், பிள்ளை பெறப்போகிற விஷயத்தை உடனே சொல்லுங்கள், கருவுக்கு அது கெடுதல்.

கடைசியாகக் கேமரா. வாங்கியது மேனியாவில், சரி. ஆனால் ஒன்றரை வருடமாக மாதாமாதம் தவணை கட்டியது யார்? ஏழு கிலோ கூடி, முடி கொட்டி, தூக்கம் வழிகிற கண்ணோடு சோழிங்கநல்லூர் போய் வந்து சம்பாதித்த பணம் பதினெட்டு தவணை அதில் போயிருக்கிறது. இன்னும் ஆறுதான் பாக்கி. விற்பதா வேண்டாமா என்பதைத் தைராய்டு ரிசல்ட் வந்து மூன்று மாதம் கழித்து முடிவு செய்யுங்கள், அதுவரை அதைத் துண்டிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். சென்னை ஈரக்காற்றில் துண்டில் சுற்றி பீரோவில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலைந்து போட்டு வையுங்கள், வாரம் ஒருமுறை எடுத்து நாலு படமாவது எடுங்கள், அம்மா காலண்டரில் காஸ் தேதி எழுதுவதையாவது.